ஐப்பசி ஈரத்தில் ஹைட்ரஜன் அளப்பது: ஜிர்கலாய் உறைக்குழாய்க்கு ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் என் மேசைக்கு வந்து நின்றார். "அண்ணா, இதே குழாய்தான். ஆனி மாசம் ஹைட்ரஜன் 14 பிபிஎம் வந்துச்சு, இப்ப 27 காட்டுது. மெஷின் போயிடுச்சு போல."

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வெட்டிய துண்டுகளை அசிட்டோனில் கழுவி, ஜன்னலோரத்தில் டிஷ்யூ தாளின் மேல் காயவைத்திருந்தார். ஆய்வகம் இருப்பது புதுச்சேரியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். காலையில் பிரித்த முறுக்கு மத்தியானத்துக்குள் நமத்துப்போகும் ஊர் இது. அசிட்டோன் ஆவியாகும்போது துண்டு சட்டென்று குளிரும். குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்றின் ஈரம் படியும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிபிஎம் என்றால் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 0.1 கிராம் துண்டில் 13 பிபிஎம் என்றால் 1.3 மைக்ரோகிராம் ஹைட்ரஜன். அதற்கு 12 மைக்ரோகிராம் தண்ணீர் போதும். ஒரு சொட்டில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. டிஷ்யூவிலிருந்து ஒட்டிய ஒரு நூலிழைகூட 20 மைக்ரோகிராம் எடை இருந்தால் தன் பங்குக்கு இன்னொரு மைக்ரோகிராம் ஹைட்ரஜனைக் கொண்டுவந்துவிடும்.

அன்று அவருக்காகக் குறித்துக்கொடுத்ததுதான் வளர்ந்து இந்த வழிகாட்டி ஆனது. அணு உலை எரிபொருளை மூடியிருக்கும் ஜிர்கோனியக் கலப்பு உலோகக் (ஜிர்கலாய்) குழாயில் ஹைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, எந்தச் சூட்டில் என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இங்கே சொல்வதெல்லாம் உலைக்குள் போகாத குழாய்களுக்கு. உலையில் எரிந்த குழாயைத் தடித்த சுவருக்குப் பின்னால், இயந்திரக் கையால், உரிமம் பெற்ற இடத்தில் மட்டும்தான் தொட முடியும். கல்லூரி ஆய்வகத்தில் நம்மால் முடிவது, புதுக் குழாயில் நாமே ஹைட்ரஜனை ஏற்றி அளப்பது. சூட்டளவு எல்லாமே செல்சியஸ் டிகிரி.

உள்ளே எப்படிப் போகிறது

உலையில் சூடான தண்ணீர் ஜிர்கோனியத்தோடு சேர்ந்து ஆக்சைடு ஆகிறது. ஆக்சிஜனைப் பறிகொடுத்த தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிகிறது. பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். சிறு பங்கு உலோகத்துக்குள் இறங்கும். அந்தப் பங்கைத்தான் உறிஞ்சல் விகிதம் என்கிறோம். ஜிர்கலாய்-2ல் நிக்கல் உண்டு; அது இந்த உறிஞ்சலைக் கூட்டியதால்தான் நிக்கலை நீக்கி ஜிர்கலாய்-4 செய்தார்கள். தாராப்பூரின் கொதிநீர் உலைகளில் ஜிர்கலாய்-2, நம் கனநீர் உலைகளின் எரிபொருளுக்கு ஜிர்கலாய்-4, கூடங்குளத்தில் ஒரு சதவீதம் நையோபியம் கலந்த உறை என்று உலைக்கு உலை மாறும்.

ஒரு மனக்கணக்கு கையில் இருக்கட்டும். ஒரு மைக்ரான் ஆக்சைடு வளர, ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பில் சுமார் 15 மில்லிகிராம் ஆக்சிஜன் சேர வேண்டும். அதில் எட்டில் ஒரு பங்கு எடைக்கு ஹைட்ரஜன் வெளிப்படும், சுமார் 1.9 மில்லிகிராம். அதில் 10 சதவீதம் உள்ளே போனால், 0.57 மில்லிமீட்டர் சுவருள்ள உறையில் மைக்ரானுக்கு ஏறக்குறைய 5 பிபிஎம். 40 மைக்ரான் ஆக்சைடு என்றால் 200 பிபிஎம். அளந்த எண் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லையென்றால் முதலில் உங்கள் தராசைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் ஜிர்கலாயை.

ஏன் சூட்டோடு சேர்த்து அளக்க வேண்டும்

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சூட்டில் கரைந்து கிடக்கும் சர்க்கரை, ஆறினால் பரல் பரலாகப் படியும். ஜிர்கோனியத்தில் ஹைட்ரஜனும் அப்படித்தான். கியர்ன்ஸ் என்ற ஆய்வாளர் 1967ல் கொடுத்த சமன்பாட்டின்படி ஜிர்கலாயில் 400 டிகிரியில் சுமார் 200 பிபிஎம் கரையும். 300 டிகிரியில் சுமார் 70. அறைச் சூட்டில் ஒன்றுகூடத் தேறாது. மிஞ்சியதெல்லாம் ஜிர்கோனியத்தோடு சேர்ந்து ஹைட்ரைடு தகடுகளாகப் படிகிறது. இந்தத் தகடு நொறுங்கும் தன்மையுள்ளது. சுற்றியுள்ள உலோகத்தைவிடச் சுமார் 17 சதவீதம் அதிக இடம் கேட்கும்.

படிவதும் கரைவதும் ஒரே சூட்டில் நடப்பதில்லை. சூடேற்றும்போது கரைந்து முடியும் வெப்பநிலைக்கும், ஆறும்போது படியத் தொடங்கும் வெப்பநிலைக்கும் இடையே பல பத்து டிகிரி இடைவெளி இருக்கும். புதிதாகப் படிய வேண்டிய தகடு தனக்கான இடத்தை உலோகத்தை நெருக்கித்தான் உண்டாக்க வேண்டும். அதற்கு விலையாகக் கூடுதல் குளிர்ச்சி கேட்கிறது. ஆகவே "கரைதிறன் இவ்வளவு" என்று ஒற்றை எண் சொல்பவரிடம், ஏறும்போதா இறங்கும்போதா என்று கேளுங்கள்.

படி 1: கேள்வி எது?

மொத்தம் எவ்வளவு என்றால் உருக்கி அளக்க வேண்டும். எந்தச் சூட்டில் கரைகிறது என்றால் டிஎஸ்சி, அதாவது சூடேற்றும்போது துண்டு எவ்வளவு வெப்பம் வாங்குகிறது என்று பார்க்கும் கருவி. எங்கே, எந்தத் திசையில் என்றால் நுண்ணோக்கி. மூன்றுக்கும் துண்டு வேறு வேறு. முதலிலேயே குழாயில் கோடு போட்டுப் பிரித்துவைத்துவிடுங்கள். பாதி வேலை முடிந்தபின் துண்டு தீர்ந்துபோய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றவன் நான்.

படி 2: ஹைட்ரஜனை ஏற்றுவது

தொழிற்சாலையிலிருந்து வரும் குழாயில் ஹைட்ரஜன் 25 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும் என்பது தர வரையறை. அதற்கு மேல் வேண்டியதை நாம் ஏற்ற வேண்டும். வாயு முறை துல்லியமானது. 10 கிராம் மாதிரியில் 100 பிபிஎம் சேர்க்க ஒரு மில்லிகிராம் ஹைட்ரஜன், அதாவது அறைச் சூட்டில் சாதாரண அழுத்தத்தில் 12 மில்லிலிட்டர் வாயு. கொள்ளளவு தெரிந்த கலத்தில் இதை அடைத்து, 350 முதல் 400 டிகிரியில் இருக்கும் மாதிரியின் மேல் விட்டு, அழுத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அழுத்தம் இறங்கவே இல்லையென்றால் மாதிரியின் மேல் ஆக்சைடு படலம் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமே ஹைட்ரஜனுக்குக் கதவடைத்துவிடும். ஏற்றுவதற்கு முன் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் முக்கி எடுத்து, உடனே நிறைய ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை. நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது. ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவோம். சில மணி நேரம் கழித்து எலும்பு வரை வலிக்கும், உடம்பின் கால்சியத்தைப் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கு எட்டும் இடத்தில் இல்லாவிட்டால் புட்டியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் தண்ணீரில் கழுவி, களிம்பைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, அதையும் அரித்துவிடும், பிளாஸ்டிக் பாத்திரம்தான். தனியாக ஆளில்லாத நேரத்தில் செய்யவே கூடாது.

வாயு வசதி இல்லாதவர்கள் மின்பகுப்பில் மேற்பரப்பில் ஹைட்ரைடு படிய வைத்து, அப்புறம் சூட்டில் உள்ளே பரவ விடுவார்கள். 400 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்தால் ஹைட்ரஜன் 4, 5 மில்லிமீட்டர் தூரம் பரவும். சுவரின் கனத்துக்கு அது தாராளம். குழாயின் நீளத்துக்குப் போதாது. ஒரு முனையில் மட்டும் தடிப்பாகப் படிந்திருந்தால் மறுமுனைக்கு ஒன்றும் போய்ச்சேராது. பிறகு நீங்கள் எங்கே வெட்டினீர்கள் என்பதுதான் உங்கள் விடையாகிவிடும்.

ஆய்வகச் சூளைக்குள் வெற்றிடத்தில் சூடேற்றும்போது கரண்ட் போனால் பம்ப் நின்று காற்று உள்ளே வரும், மாதிரி கறுத்துவிடும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்த இந்தக் கடலோரத்தில் யுபிஎஸ் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். மழைக்காலத்தில் நீண்ட சூடேற்றலை நான் தொடங்குவதே இல்லை.

படி 3: வெட்டுவது, கழுவுவது, காயவைப்பது

உண்மையான அளவீடு இங்கேதான் நடக்கிறது. 9.5 மில்லிமீட்டர் விட்டமும் 0.57 மில்லிமீட்டர் சுவரும் உள்ள உறையில் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வளையம் ஏறக்குறைய 0.1 கிராம். இதைத்தான் அளவாக வைத்துக்கொள்கிறோம். மெதுவாகச் சுழலும் வைர வட்டில், குளிர்விப்புத் திரவத்தோடு வெட்டுங்கள். வேகமாக வெட்டினால் விளிம்பு சூடாகி ஆக்சைடு பிடிக்கும். வெட்டிய தூளைக் காய்ந்த குவியலாகச் சேர்த்துவைக்காதீர்கள். ஜிர்கோனியப் பொடி தீப்பொறி இல்லாமலே பற்றக்கூடியது.

விளிம்பில் இருக்கும் பிசிறை நைஸ் எமரித் தாளில் தேய்த்து எடுங்கள். பிசிறின் மடிப்புக்குள் எண்ணெயும் ஈரமும் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அசிட்டோனில் அல்ட்ராசோனிக் குளியல், கடைசியாகத் துளிகூட ஈரமில்லாத ஆல்கஹால், உலர்ந்த ஆர்கான் அல்லது நைட்ரஜன் ஊதல். வெறும் காற்றில் ஆறவிடாதீர்கள். 60 டிகிரி சூட்டில் இருக்கும் தட்டில் வைத்துக் காயவிட்டால் ஈரம் படிய வாய்ப்பில்லை. அந்தச் சூடு உள்ளிருக்கும் ஹைட்ரஜனை வெளியேற்றவும் போதாது. இங்கிருந்து துண்டை எடுப்பது இடுக்கியால் மட்டும். இடுக்கியையும் கழுவியிருக்க வேண்டும்.

வைக்கும் இடம் டெசிக்கேட்டர் எனும் ஈரம் புகாத மூடிய கலம். அதில் இருக்கும் சிலிக்கா ஜெல் எப்போதும் நீலமாக இருக்கும் என்று நம்பி யாரும் பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஆய்வகத்தில் அது ஒரே வாரத்தில் ரோஜா நிறத்துக்கு மாறிவிடும். 120 டிகிரி அடுப்பில் ஓர் இரவு வைத்தால் திரும்ப நீலமாகும். இந்த வேலையை மாற்றி மாற்றிச் செய்ய ஒரு முறை வைத்துக்கொண்டோம். யார் முறை என்று சுவரில் தாள் ஒட்டிய பிறகுதான் நடந்தது.

படி 4: உருக்கி அளப்பது

மந்த வாயு உருக்கு முறை. கிராஃபைட் குரூசிபிளுக்குள் துண்டு விழுகிறது. தட்டார் வைத்திருக்கும் மூசையின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்து குரூசிபிள் 2000 டிகிரி அளவுக்குப் போகும். துண்டு உருகி ஹைட்ரஜனை வெளிவிடும். அதை ஆர்கான் சுமந்துபோய், மற்ற வாயுக்களிலிருந்து பிரித்து, வெப்பக் கடத்தல் உணரியில் கொடுக்கும். சுமக்க ஏன் ஹீலியம் இல்லை என்றால், ஹீலியம் வெப்பம் கடத்துவதில் ஹைட்ரஜனுக்குக் கிட்டத்தட்ட ஈடாக நிற்கும். கூட்டத்தில் ஆள் தெரியாது.

வேலையைக் காலி குரூசிபிளிலிருந்து தொடங்குங்கள். கிராஃபைட்டும் ஈரம் குடிக்கும். மாதிரிக்குக் கொடுக்கப்போவதைவிடக் கூடுதல் மின்சக்தி கொடுத்து முதலில் வாயு நீக்குங்கள், பிறகு காலியாகவே ஐந்து முறை அளங்கள். ஐந்தும் இறங்கிக்கொண்டே போனால் இன்னும் தயாராகவில்லை, தொடருங்கள். நிலைத்ததும் அவற்றின் சிதறலைப் பாருங்கள். சிதறல் 0.2 மைக்ரோகிராம் என்றால் அதன் மும்மடங்கு 0.6. அப்படியென்றால் 0.1 கிராம் துண்டில் 6 பிபிஎம்முக்குக் கீழே நீங்கள் சொல்லும் எதற்கும் மதிப்பில்லை. புதுக் குழாயின் 10, 15 பிபிஎம்மை அளக்க வேண்டுமென்றால் 0.3 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய மாதிரிக்கு 0.1 போதும்.

பிறகு ஹைட்ரஜன் அளவு சான்றளிக்கப்பட்ட தர மாதிரி, டைட்டானியத்திலோ எஃகிலோ. உங்கள் மாதிரியில் இருப்பதற்குப் பக்கத்தில் உள்ள மைக்ரோகிராம் அளவைத் தேர்ந்தெடுங்கள். பிபிஎம் ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பது வழக்கமான தவறு. உணரி பிபிஎம்மைப் பார்ப்பதில்லை, வந்து சேர்ந்த மொத்த ஹைட்ரஜனைத்தான் பார்க்கிறது. தர மாதிரி மூன்று முறை, உங்கள் துண்டுகள் ஐந்து, திரும்பத் தர மாதிரி ஒன்று. கடைசியது விலகியிருந்தால் நடுவில் அளந்த ஐந்தும் குப்பை. மனசு கேட்காது, ஆனாலும் குப்பைதான்.

ஒரே வளையத்தின் நாலு கால் துண்டுகள் 95, 102, 98, 131 என்று வந்தால் 131ஐ உடனே தூக்கிப்போடாதீர்கள். உறையில் ஹைட்ரஜன் சமமாகப் பரவியிருக்க வேண்டும் என்று சட்டமில்லை. அது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு நகரும். உலைக்குள் இருந்த உறையில் வெளிப்பக்க விளிம்பில் அடர்ந்து கிடப்பது அதனால்தான். பக்கத்து வளையத்தையும் அளந்து, கூடுதல் அதே பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

படி 5: டிஎஸ்சி

50 முதல் 100 மில்லிகிராம் தட்டைத் துண்டு ஒரு கிண்ணத்தில். அதே எடையில் ஹைட்ரஜன் நீக்கிய ஜிர்கலாய் மறு கிண்ணத்தில். ஆர்கான் ஓடிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஏற்றி, ஐந்து நிமிடம் நிறுத்தி, அதே வேகத்தில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். முதல் ஏற்றத்தை விட்டுவிடுங்கள். அதில் துண்டின் பழைய கதை கலந்திருக்கும். இரண்டாவது ஏற்றத்தில் வளைகோடு மெல்ல மேலேறி, ஹைட்ரைடு கரைந்து தீர்ந்ததும் சட்டென்று சரியும்.

அந்தச் சரிவில் எந்தப் புள்ளி? உச்சியா, செங்குத்தாக இறங்கும் இடமா, சமநிலைக்கு வந்து சேரும் இடமா? ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை எடுத்திருக்கிறார்கள். நான் செங்குத்தான இடத்தை எடுக்கிறேன். எதை எடுத்தாலும் எழுதிவையுங்கள், ஏனென்றால் விளைவு சின்னதல்ல. 100 பிபிஎம் இருக்கும் மாதிரி கியர்ன்ஸ் சமன்பாட்டின்படி 330 டிகிரி அருகே கரைந்து முடியும். அந்த இடத்தில் ஒரு டிகிரி தவறினால் ஒரு பிபிஎம்முக்குச் சற்று மேலே தவறும். 10 டிகிரி என்றால் 11 பிபிஎம்.

அதனால் வெப்பநிலையைச் சரிபார்க்காமல் தொடங்காதீர்கள். இண்டியம் 156.6 டிகிரியில் உருகும், ஈயம் 327.5ல், துத்தநாகம் 419.5ல். உங்கள் எல்லை 270க்கும் 400க்கும் நடுவில் என்றால் ஈயமும் துத்தநாகமும்தான் பொருத்தம். வெறும் இண்டியத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டு 400 டிகிரியைப் பற்றிப் பேசுவது, முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு நடுக்கடலின் ஆழம் சொல்வது போல.

300 பிபிஎம்முக்கு மேல் போனால் இந்த முறை திணறும். கரைந்து முடிய இன்னும் சூடு வேண்டும். 550 டிகிரியை நெருங்கினால் உலோகமே வேறு கட்டத்துக்கு மாறத் தொடங்கும். அங்கே உருக்கு முறையை நம்புங்கள்.

படி 6: நுண்ணோக்கி

குறுக்கு வெட்டை ரெசினில் பதித்து, 400ஆம் எண்ணில் தொடங்கி 2400ஆம் எண் வரை எமரித் தாளில் தேய்த்து, படி 2ல் சொன்ன அதே அமிலக் கலவையில் பஞ்சால் சில விநாடிகள் ஒற்றி எடுத்தால் ஹைட்ரைடு கறுப்புக் கோடுகளாகத் தெரியும். நல்ல உறையில் கோடுகள் குழாயின் சுற்றுவாக்கில் வரப்பு மாதிரி ஓடும். உள்ளிருந்து வெளியே ஆரவாக்கில் நின்றால் ஆபத்து. விரிசலுக்கு ரெடிமேட் பாதை.

கோடுகளின் பரப்பை எண்ணிப் பிபிஎம் சொல்ல மட்டும் முயலாதீர்கள். 100 பிபிஎம் ஹைட்ரஜன் என்றால் ஹைட்ரைடின் கன அளவு வெறும் 0.65 சதவீதம். அமிலம் ஒவ்வொரு கோட்டையும் தடிப்பாக்கிக் காட்டுவதால் படத்தில் அதைப் போலப் பல மடங்கு தெரியும். திசைக்கு மட்டும் படத்தை நம்பலாம். சுற்றுவாக்கிலிருந்து 45 டிகிரிக்கு மேல் சாய்ந்த கோடுகளின் நீளத்தைக் கூட்டி, மொத்த நீளத்தால் வகுத்தால் ஆரவாக்கு விகிதம் கிடைக்கும்.

இந்த எண்ணுக்குத்தான் தீர்ந்த எரிபொருளை உலர்நிலையில் சேமிப்பவர்கள் காத்திருக்கிறார்கள். குழாயை 400 டிகிரிக்குச் சூடாக்கி, உள் அழுத்தத்தோடு மெதுவாக ஆறவிட்டால், கரைந்த ஹைட்ரஜன் திரும்பப் படியும்போது சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசைக்குச் செங்குத்தாக, அதாவது ஆரவாக்கில் திரும்பிக்கொள்ளும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை வழிகாட்டுதலில் 400 டிகிரி, 90 மெகாபாஸ்கல் என்ற எல்லைகள் வந்ததன் பின்னணி இதுதான். திரும்பிய கோடுகளின் படத்தோடு ஆறவிட்ட வேகத்தையும் குறியுங்கள். அவசரமாக ஆறினால் கோடுகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும்.

வெட்டாமல் பார்க்க முடியுமா?

முடியும், நியூட்ரானால். எக்ஸ்ரே கண்டுகொள்ளாத ஹைட்ரஜனை நியூட்ரான் பளிச்சென்று பிடிக்கும். ஜிர்கோனியமோ நியூட்ரானுக்குக் கிட்டத்தட்டக் கண்ணாடி. அதனால்தானே அதை உறையாகவே தேர்ந்தெடுத்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நமக்கு வடக்கே, கல்பாக்கத்தில் 1996ல் இயங்கத் தொடங்கிய காமினி, யுரேனியம்-233 எரிபொருளில் ஓடும் 30 கிலோவாட் உலை. நியூட்ரான் படமெடுப்பு அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

கனநீர் உலை மாதிரி என்றால் இன்னொரு திருத்தம். அங்கே குழாய்க்குள் இறங்குவது பெரும்பாலும் டியூட்டிரியம், ஹைட்ரஜனின் கனமான வடிவம். எடை இரண்டு மடங்கு, அணு எண்ணிக்கை அதேதான். ஹைட்ரஜன் பிபிஎம்மோடு டியூட்டிரியம் பிபிஎம்மில் பாதியைக் கூட்டி 'சமான ஹைட்ரஜன்' என்று எழுத வேண்டும். உறையைவிட, எரிபொருளையும் சூடான கனநீரையும் உள்ளே தாங்கும் அழுத்தக் குழாய்களுக்கு இது முக்கியம், அவை உலைக்குள் ஆண்டுக்கணக்கில் இருப்பவை. 1983ல் கனடாவின் பிக்கரிங் இரண்டாம் உலையில் ஜிர்கலாய்-2 அழுத்தக் குழாய் வெடித்தது, வெளிக்குழாயைத் தொட்டுக் குளிர்ந்த இடத்தில் ஹைட்ரைடு கொப்புளங்கள் திரண்டதால். கல்பாக்கத்தின் இரண்டு கனநீர் மின் உலைகளிலும் ஜிர்கலாய்-2 அழுத்தக் குழாய்களை எடுத்துவிட்டு, 2.5 சதவீத நையோபியம் கலந்தவற்றைப் போட்டிருக்கிறார்கள்.

படி 7: நோட்டில் என்ன எழுதுவது

துண்டின் எடை, குழாயில் எந்த இடம், காலி அளவீடுகள் ஐந்தும், தர மாதிரியின் முன்னும் பின்னும், டிஎஸ்சியில் எந்தப் புள்ளி, ஏற்றமா இறக்கமா, அமிலம் பட்ட விநாடிகள். கடலூர் மாணவர் இதில் தானாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்: அன்றைய அறை ஈரப்பதம். டிஷ்யூவை விட்டு, ஆர்கானில் ஊதி, சூடான தட்டில் காயவைத்து அதே குழாயை மறுபடி அளந்த நாளில் அந்தக் கட்டத்தில் 88 சதவீதம். பக்கத்துக் கட்டத்தில் 15 பிபிஎம்.